புல்தரை மேஸ்திரி

1787, பிப்ரவரி 9

மாவு ஆலைக்காரர் வீட்டு எருது காலையில் விழுந்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் பேரிக்காய் மரத்துக்குப் பின்னால் நின்று, தொப்பியால் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்துகிறார்: "இடது பக்கமா இழு, வாசக்கல்லுல இடிக்காம இழு."

"எருதுக்கு இனிமே காது கேக்காதுங்க. எனக்கு நல்லாவே கேக்குது. கிட்ட வந்து சொன்னா தொண்டை மிச்சம்" என்றேன்.

வரவில்லை. வருவாரா? நேற்றுவரை கொம்பைக் கட்டிக்கொண்டு கொஞ்சியவர்தான். செத்துவிட்டால் அது என் மாடு. என் மாடான பிறகு அதன் கயிறு, அது படுத்திருந்த வைக்கோல், அதை இழுத்த என் கை, என் கை பட்ட வண்டி, எல்லாம் ஒரே தீட்டு. ஷிண்டர் என்றால் அதுதான். செத்த மாட்டையும் குதிரையையும் தோலுரித்து, மிச்சத்தை ஊருக்கு வெளியே புல்தரையில் புதைப்பவன்.

சாயங்காலம் எண்ட்ரஸின் பீர்க்கடை. வாசற்படியில் நின்று வழக்கம்போலக் கேட்டேன்: "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" எங்கள் ஆட்கள் இதைக் கேட்காமல் உள்ளே போக முடியாது. யாரும் பேசவில்லை. அடுப்போரத்துப் பூனையைப் பார்த்து, "உனக்கு?" என்றேன். சிரித்தார்கள். சிரித்துவிட்டால் உட்காரலாம். கதவோரம் எனக்கென்று ஒரு முக்காலி. ஆணியில் எனக்கென்று ஒரு குவளை, மூடியில்லாதது. ஊரார் குவளைகளுக்கெல்லாம் ஈய மூடி உண்டு, அலமாரியில் வரிசையாக நிற்கும். யாரும் தெரியாத்தனமாகக்கூட என்னுடையதை எடுத்துவிடக் கூடாதில்லையா. எண்ட்ரஸ் கூஜாவை உயரத் தூக்கிப் பிடித்து ஊற்றினான், குவளையில் பட்டுவிடாமல்.

"இந்தக் கடையில எனக்குத்தான்டா நுரை ஜாஸ்தி" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

பிப்ரவரி 27

தோல் வாங்க வெண்டலின் வந்தான். குதிரைச் சேணம் தைக்கும் ப்ராண்ட்னர் பட்டறையில் வேலை செய்கிற பையன். பையன் என்ன, இருபத்தைந்து இருக்கும். உப்புப் போட்ட தோலை நான் வேலிமேல் போட்டுவிட்டு விலகிக்கொள்வேன், அப்புறம் அவன் வந்து எடுத்துக்கொள்வான். அதுதான் முறை. இன்று நான் கொட்டகைக்குள் இருந்தேன். என் மகள் உர்சுலா தோலைக் கொண்டுபோனாள். வேலிமேல் போடவில்லை. அவன் கையில் கொடுத்தாள். அவனும் வாங்கினான். ரொம்ப நேரம் வாங்கிக்கொண்டே நின்றான்.

ஒரு தோலை வாங்க அவ்வளவு நேரமா?

மார்ச் 4

கேட்டுவிட்டேன். சொல்லிவிட்டாள். கட்டினால் அவனைத்தானாம்.

வால்புர்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "பைத்தியமாடி உனக்கு? நம்ம ஆளுங்க நம்ம ஆளுங்களத்தான் கட்டணும். உன்னைக் கட்டுனா அவன் சாகுற வரைக்கும் பட்டறை போட முடியாது."

என் மனைவி சொல்வது சரி. மேஸ்திரி ஆக வேண்டுமென்றால் சேணக்காரர் சங்கம் சம்மதிக்க வேண்டும். மனைவி கௌரவமான பிறப்பாக இருந்தால்தான் சம்மதிப்பார்கள். ஷிண்டர் மகள் என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். சங்கத்துக்குத் தலைவர் யார்? அவனுடைய முதலாளி ப்ராண்ட்னரேதான். நான் உரித்த தோலில் சேணம் தைத்து இரண்டு மாடி வீடு கட்டியவர்.

தோல் கௌரவம். உரித்தவன் மட்டும் தீட்டு. நடுவில் எந்த இடத்தில் கழுவுகிறார்கள் என்று தெரியவில்லை.

மார்ச் 20

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

சந்தைத் திடலில் முரசு அடித்தார்கள். கச்சேரி எழுத்தர் அரண்மனை உத்தரவைப் படித்தார். நான் கிணற்றுக்குப் பின்னால், என் வழக்கமான இடத்தில். முதலில் ஓநாய் வேட்டை, அப்புறம் பாலம். கடைசியில் பார்த்தால் நான். இனி ஷிண்டர் என்ற சொல்லை யாரும் சொல்லக்கூடாதாம். அது கேவலமான சொல்லாம். வாஸன்மைஸ்டர் என்றுதான் சொல்ல வேண்டுமாம். சொன்னதைக் கேட்காதவனைக் கச்சேரி வாசலில் நிற்கவைப்பார்களாம். இரண்டாவது, வாஸன்மைஸ்டரின் பிள்ளைகள் மற்றவர் பிள்ளைகளைப் போலவே கௌரவமானவர்கள். எந்தச் சங்கமும் பிறப்பைக் காட்டித் தள்ளக்கூடாது.

ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. நான் தொப்பியை எடுத்து, அரண்மனை மேஸ்திரி மாதிரி குனிந்து வணங்கினேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

வாஸன் என்பது புல்தரை. மைஸ்டர் என்றால் மேஸ்திரி. ஆக நான் புல்தரைக்கு மேஸ்திரி. ஆடு மேய்க்கிறவன்கூட என்னைவிடப் புல்லைப் பற்றித் தெரிந்தவன்.

வீட்டுக்கு வந்ததும் வால்புர்கா, "மேஸ்திரி ஐயா, கால் கழுவிட்டு வாங்க, முட்டைக்கோஸ் ஆறுது" என்றாள். உர்சுலா சிரித்துக்கொண்டே அழுதாள். அவள் கேட்டது அந்த இரண்டாவது பாதியை மட்டும்.

மார்ச் 25

பாதிரியாரிடம் கேட்டேன். அவர் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு உள்ளே, நான் வெளியே.

"சாமி, என் பழைய பேர்ல அப்படி என்ன கெட்டது இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா. ரொம்ப ரொம்பப் பழைய காலத்துல தோலுக்கே அந்த மாதிரி ஒரு சொல் இருந்துச்சு. அதை எடுக்கிறவன் ஷிண்டர். ரொட்டி சுடறவன் ரொட்டிக்காரன் மாதிரி. அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் குடியானவனை வதைக்கிற பண்ணையாருக்கும், குதிரையை அடிச்சே கொல்ற வண்டிக்காரனுக்கும் அதே பேரை வெச்சாங்க? நான் உரிக்கிறது செத்ததை. உசுரோட உரிக்கிறவனுக்கும் என் பேரா?"

பாதிரியார் நல்ல மனுஷர். சிரிக்கத் தெரிந்தவர். "ஜனங்க வெச்சது, யோர்க். சொல்லு என்ன பண்ணும், வாய் எப்படிச் சொல்லுதோ அப்படி ஆயிடுது."

"என் அப்பா காலத்துல அப்டெக்கர்னு ஒண்ணு கொண்டுவந்தாங்களே, போர்வையை எடுக்கிறவன்னு. தோலைப் போர்வைன்னு சொல்லி. அதுவும் மரியாதைக்காக வந்ததுதானே சாமி? எத்தனை நாள் தாங்குச்சு?"

"உங்கப்பாவைத்தான் கேக்கணும்."

"அவரைச் சுவருக்கு வெளியிலதான் புதைச்சீங்க. எனக்குப் பக்கம்தான், கேட்டுச் சொல்றேன்."

அதற்கு அவர் சிரிக்கவில்லை. நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அவரைப் புதைத்தது இவருக்கு முன்னால் இருந்த பாதிரியார்.

ஏப்ரல் 6

கோழிக்காரி மரியாதையாக "வாஸன்மைஸ்டர்" என்று கூப்பிட்டாள். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 19

உர்சுலாவைக் கட்டிக்கொண்டு மேஸ்திரி ஆக வெண்டலின் சங்கத்தில் மனுப் போட்டுவிட்டான். பெந்தெகொஸ்தே திங்களன்று சங்கம் கூடித் தீர்ப்புச் சொல்லும். கச்சேரி எழுத்தரும் உத்தரவோடு வந்து உட்காருவாராம். "தள்ளிவிட அவங்களுக்கு வழியே இல்லைங்க ஐயா" என்றான் வெண்டலின். வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்று சொன்னான். வால்புர்கா அவனுக்கு ஒரு கிண்ணம் மோர் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டுக் கிண்ணத்தில் ஊர்க்காரன் ஒருவன் குடித்து நான் பார்த்ததில்லை.

அந்தி சாயும்போது பின்வாசலில் ஒரு முக்காடு. ப்ராண்ட்னரின் மனைவி. நெஞ்சுச் சளிக்கு நாய்க்கொழுப்பு வேண்டும். "யோர்க் அண்ணே, போன தடவை குடுத்தீங்களே, அதே மாதிரி. அவருக்குத் தெரிய வேண்டாம்."

பின்வாசலில் அண்ணன். சந்தையில் என்னைப் பார்த்தால் எச்சில் துப்புகிறவள்.

கொடுத்தேன். நெஞ்சு என்ன பாவம் செய்தது.

மே 3

பாலத்தில் குழந்தைகள் பாடுகிறார்கள். பழைய பாட்டேதான், பேரை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

வாஸன்மைஸ்டர் வர்றான்,
மூக்கைப் பொத்து, ஓடு.

தையற்காரர் வீட்டு ஜன்னலில் தாய் பிள்ளையை மிரட்டுகிறாள்: "அழுதா, வாஸன்மைஸ்டர் கிட்ட குடுத்துருவேன்." அரண்மனை உத்தரவுக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள். ஒருத்தி வாயிலும் பழைய சொல் வரவில்லை.

பனிக்காலத்தில் செத்த மாடுகூட இதைவிட நாள் தாங்கும்.

மே 14

என் நாய்கள் ப்ராண்ட்னர் தோப்புக்குப் பின்னால் மண்ணைப் பறிக்கின்றன. போய்ப் பார்த்தேன். அவருடைய கிழட்டுப் பெண்குதிரை. எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. மச்சானை வைத்துக்கொண்டு தானே புதைத்திருக்கிறார். நான் அவர் முற்றத்தில் கால் வைப்பதை ஊர் பார்க்கக் கூடாதாம், அதுவும் இந்த நேரத்தில். அது போகட்டும். குதிரை மேல் தோல் இல்லை. உரித்திருக்கிறார். தன் கையால். கோணல்மாணலாக, வயிற்றுப் பக்கம் கிழித்து.

என் வேலையை ஊரான் ஒருவன் செய்தால் எங்களுக்கு ஒரு உரிமை உண்டு. எங்களுக்கு இருக்கிற ஒரே உரிமை. உரிக்கிற கத்தியைக் கொண்டுபோய் அவன் வாசற்கதவில் குத்திவிடலாம். குத்திவிட்டால் அவனும் தீட்டு. கத்தியை யாரும் தொட மாட்டார்கள். நானே வந்து பிடுங்குகிறவரை அவன் வீட்டில் யாரும் வேலை செய்ய மாட்டார்கள், அவனோடு குடிக்க மாட்டார்கள். அப்பா ஒரு முறை ஒரு ரொட்டிக்காரன் கதவில் குத்தினார். அந்த ரொட்டியைப் பன்றிதான் தின்றது.

வால்புர்கா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "இந்தா பாருய்யா, கத்தியைத் தொடாத. பெந்தெகொஸ்தே முடியட்டும்."

உர்சுலா, "அப்பா, இன்னும் ரெண்டே வாரம்" என்றாள்.

சரி என்றேன். குதிரைமேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தேன்.

மே 17

பீர்க்கடை. நீள மேஜையில் ப்ராண்ட்னர். நல்ல போதை.

"என்னப்பா வாஸன்மைஸ்டர், பொண்ணுக்குச் சீர் என்ன குடுக்கப்போற? நாலு மாட்டு வாலா?"

"அஞ்சுங்க. ஒண்ணு உங்களுக்கு, ஈ ஓட்ட" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "வெண்டலினுக்கு என்ன கவலை, அந்தக் குட்டியை உப்புப் போட்டே வளர்த்திருக்காங்க. வேலியில போட்டா எவன் வேணா எடுத்துக்கலாம்."

மேஜையே குலுங்கிச் சிரித்தது. நான்... நானும் சிரித்துவிட்டேன். பழக்கம். வாய் தானாகச் சிரித்தது. என் மகளைச் சொன்னான். நான் சிரிச்சேன். நுரை மூக்குல ஏற ஏற சிரிச்சேன்.

மே 18

குத்திவிட்டேன்.

மே 19

நேற்று சந்தை நாள், பட்டப்பகல். ஒளிந்து போகவில்லை. கதவில் நடு மத்தியில், பிடிவரைக்கும். "ப்ராண்ட்னர் ஐயா, குதிரைத் தோல் வயிற்றுப்பக்கம் கிழிஞ்சுபோச்சே, என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று உரக்கக் கேட்டேன். திடல் முழுவதும் கேட்டது. கூட்டம் விலகிய விதத்தைப் பார்க்க வேண்டுமே. கஞ்சித் தட்டில் எண்ணெய் விட்டது போல அந்தக் கதவைச் சுற்றி இடம் காலியானது.

மத்தியானத்துக்குள் அவர் பட்டறையில் இரண்டு பேர் மேலங்கியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் ஜன்னலில் நின்று பார்த்தார். கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இறங்கி வந்து பிடுங்க வேண்டியதுதானே? முடியாது. தொடக்கூடாது.

இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல தூக்கம் நான் தூங்கியதில்லை.

மே 21

உர்சுலா என்னோடு பேசுவதில்லை. வெண்டலின் வந்தான். வேலிக்கு அந்தப் பக்கமே நின்றான். "என்ன பண்ணிட்டீங்க ஐயா" என்றான், அவ்வளவுதான். உன்னையும் சேர்த்துத்தானடா பேசினான் என்றேன். "எனக்குத் தெரியும். நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பொறுத்துக்கிட்டேன் இல்ல?" என்றான்.

மே 28, பெந்தெகொஸ்தே திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

சங்க மண்டபத்தில் கதவுக்கு வெளியே எங்களை நிற்கவைத்தார்கள். உர்சுலா பச்சை ஜாக்கெட் போட்டிருந்தாள். உள்ளே எழுத்தர் உத்தரவைப் படித்தார். ப்ராண்ட்னர் எழுந்தார். கத்தவில்லை. தேனாகப் பேசினார்.

"அரண்மனை சொன்னா தலைவணங்கறோம். அந்தப் பொண்ணு கௌரவமானவன்னு காகிதம் சொல்லுது. சரி. ஆனா என் கதவுல ஒரு கத்தி நிக்குது. குத்தினது யாரு? அவங்கப்பா. அந்தக் கத்தி என்ன சொல்லுது? ஒரே ஒரு குதிரையை ஒரே ஒரு தடவை உரிச்ச நான் தீட்டுன்னு சொல்லுது. அப்போ பொறந்ததுலேர்ந்து அந்தத் தோலுக்கு உப்புப் போடறவ யாரு? நான் சொல்லலைங்க. வாஸன்மைஸ்டரே சொல்லியிருக்காரு, ஊர் பார்க்க."

எழுத்தர் என்னைப் பார்த்தார். எனக்காகச் சண்டை போடத் தயாராக வந்த மனுஷர். அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். "நீயே சொல்லிட்டியே யோர்க்" என்றார்.

"பிடுங்கிடறேன்" என்றேன். "இப்பவே பிடுங்கிடறேன். அதுக்கு அர்த்தம் ஒண்ணும் கிடையாதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

ஓடினேன். ஊரே பின்னால் வந்தது. பிடுங்கினேன். சொன்னேன், உரக்கச் சொன்னேன், இதுக்கு அர்த்தம் ஒண்ணுமில்ல, எவன் வேணா அவனவன் மாட்டை உரிச்சுக்கலாம், யாருக்கும் தீட்டில்ல. எங்களுக்கிருந்த ஒன்றையும் அங்கேயே கொட்டிவிட்டேன்.

அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? ப்ராண்ட்னரை மண்டபத்துக்குக் கூட்டிப்போய், ஒரு பெரிய கோப்பையில் எல்லாரும் ஒரு வாய் குடித்து, கடைசி வாயை அவருக்குக் கொடுத்தார்கள். முடிந்தது. அவர் சுத்தம். கோப்பை ஒரு சுற்று வந்த நேரம்தான். அந்த ஒரு வாயை எங்கள் பக்கம் நீட்ட ஒருத்தனுக்கும் கை வரவில்லை. எங்களுக்கு மட்டும் அரண்மனை முத்திரை வேண்டியிருந்தது. அதுவும் பத்தவில்லை.

மனு தள்ளுபடி. உர்சுலா திரும்பும் வழியில் ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள். "கையைக் கழுவுங்கப்பா, மரத்தூளா இருக்கு."

ஜூன் 11

வெண்டலின் ஊரைவிட்டுப் போய்விட்டான். ப்ராண்ட்னர் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்.

ஜூலை 8

பக்கத்துச் சீமையிலிருந்து சம்பந்தம். நம் ஆட்கள். பையனுக்கு முப்பத்தெட்டு, இரண்டாம் தாரம். வால்புர்காவுக்குச் சந்தோஷம். உர்சுலா, "உங்க இஷ்டம்" என்றாள். அந்தச் சொல்லுக்குப் பதில் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

பீர்க்கடைக்கு இப்போதெல்லாம் போவதில்லை.

ஜூலை 30

வைக்கோல் அடுக்கிக்கொண்டிருந்தேன். வெண்டலின் வேலியைத் தாண்டி வந்து நின்றான். மெலிந்து, செருப்பு பிய்ந்து.

"மூணு ஊர் போனேன். எனக்கு முன்னாடி சேதி போயிருக்கு. ஷிண்டர் மகளைக் கேட்டவன்னு. எங்கேயும் ஊசியைத் தொடவிடல."

"பழைய பேரையேவா சொன்னாங்க?"

"ஒரு ஊர்ல பழசு. ரெண்டு ஊர்ல புதுசு." அப்புறம், "ஒரு கத்தி குடுங்க மாமா" என்றான்.

மாமா என்றான்.

நான் கத்தினேன். "போடா. உன் கை நல்ல கை. தூரமா போ, கடல் பக்கம் போ. என் கத்தியைத் தொட்டா திரும்ப முடியாது."

"தொடாமலே திரும்ப முடியலயே. தொட்டுட்டு இங்கேயே இருந்துடறேன்."

உர்சுலா கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். என் இரண்டாவது கத்தியைத் துடைத்து எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோஷப்பட வேண்டுமா? வால்புர்கா அழுதாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 2

ஆலைக்காரர் வீட்டுப் பசு. வெண்டலின் உரித்தான், முதல் முறை. சேணக்காரன் கை, கத்தி எங்கும் பிசகவில்லை. முடித்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். அந்தத் தோலை ப்ராண்ட்னர்தான் வாங்கினார். வேறு பையன் வந்தான். நான் வேலிமேல் போட்டேன்.

செப்டம்பர் 10

உர்சுலாவுக்கும் வெண்டலினுக்கும் கல்யாணம் முடிந்தது. பக்கத்துச் சீமைக்காரருக்கு வேண்டாமென்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தோம். அதிகாலைப் பூசை, பக்கவாசல் வழியாக. பாதிரியார் திருமணப் பதிவில் எழுதும்போது மாப்பிள்ளையின் தொழில் என்ன என்று கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்து, வாஸன்மைஸ்டர் என்று அவரே எழுதிவிட்டு மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார். உர்சுலா அழகாக இருந்தாள். வெண்டலின் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

அக்டோபர் 21

இன்று வெண்டலின்தான் கூப்பிட்டான். "எத்தனை நாளைக்கு வீட்டுக்குள்ளேயே கிடப்பீங்க மாமா, வாங்க, ஒரு குவளை குடிச்சுட்டு வருவோம்."

பீர்க்கடையில் நல்ல கூட்டம். ப்ராண்ட்னரும் இருந்தார். கதவோரம் முக்காலி இரண்டு. சுவரில் புதிதாக ஓர் ஆணி. அதில் தொங்கிய குவளையை எனக்குத் தெரியும். வெண்டலினுடையதுதான். சேணக்காரர்களின் குவளைகளோடு அலமாரியில் இருந்தது, நீல வளையம் போட்டது. எண்ட்ரஸ் அதன் மூடியை முறுக்கிப் பிய்த்திருக்கிறான். கீல் இருந்த இடத்தில் ஈயம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது.

வெண்டலினும் அதைப் பார்த்தான். நான் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவன் வாசற்படியில் நின்றபடி கேட்டான்: "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

யாரும் பேசவில்லை. அவன் குனிந்து அடுப்போரத்துப் பூனையைப் பார்த்தான். "உனக்கு?" என்றான், அப்படியே என் குரலில்.

கடை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.